பிறவியும் பயிற்சியும்

நுழையும்முன்

கலைஞர் பிறக்கிறாரா, பயிற்சியால் உருவாகிறாரா என்பது பழைய வினா. மேடையில் ஒருவர் சிறந்து விளங்கும்போது அவரைப் பிறவிக் கலைஞர் என்று பாராட்டுகிறோம். அப்பாராட்டு, அவர் உழைத்த ஆண்டுகளை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுவதும் உண்டு. தமிழ்த் திரையுலகில் நடிகர் திலகம் என்று போற்றப்பட்ட சிவாஜி கணேசனின் வாழ்க்கை, இவ்வினாவை நிதானமாக ஆராய்வதற்கு ஏற்ற களமாக அமைகிறது.

ஒரு சாலையின் பெயர்

சென்னையின் தியாகராய நகர், மயிலாப்பூரின் நீண்ட ஏரி தூர்க்கப்பட்ட நிலத்தில் 1920களில் உருவான பகுதி. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரைத் தாங்கிய அந்நகர், கோடம்பாக்கத்துப் படப்பிடிப்பு நிலையங்களுக்கு அருகில் இருந்தமையால் திரைக் கலைஞர் பலருக்கு இருப்பிடமாயிற்று. அங்குள்ள தெற்கு போக் சாலை இன்று செவாலியே சிவாஜி கணேசன் சாலை என்று வழங்குகிறது. அவர் வாழ்ந்த அன்னை இல்லம் அச்சாலையில்தான் உள்ளது.

துணிக்கடைகளுக்கும் நகைக்கடைகளுக்கும் வந்துபோகும் மக்கள் அச்சாலையை நாள்தோறும் கடக்கின்றனர். ஒரு நடிகரின் பெயர் சாலைக்கு வைக்கப்பட்டதில் இன்று எவருக்கும் வியப்பில்லை. அப்பெயருக்கு உரியவர் பள்ளிக் கல்வியை முடிக்காதவர்; பெற்றோரைப் பிரிந்து நாடகக் குழுவில் வளர்ந்தவர்; முதல் திரைப்படத்திலேயே அதற்கு ஏற்றவர்தாமா என்று ஐயுறப்பட்டவர். அந்நிலையிலிருந்து அவர் இச்சாலை வரை வந்து சேர்ந்த வழியே நாம் அறிய வேண்டியது.

கூத்துக் கண்ட சிறுவன்

கணேசன் 1928ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் விழுப்புரத்தில் பிறந்தார். தந்தை சின்னையா மன்றாயர். தாய் இராஜாமணி அம்மாள். தந்தையார் விடுதலைப் போராட்டத்தில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். குடும்பம் பின்னர்த் திருச்சிராப்பள்ளியின் சங்கிலியாண்டபுரத்தில் குடியேறியது. வறுமை அவ்வீட்டின் நிலையான விருந்தாளியாக இருந்தது.

ஒருநாள் அவ்வூரில் கட்டபொம்மன் கூத்து நடைபெற்றது. ஆங்கிலேயரை எதிர்த்துத் தூக்குமேடை ஏறிய பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரரின் கதையைச் சிறுவன் கணேசன் கண்கொட்டாமல் பார்த்தான். தானும் கட்டபொம்மனாக வேடம் புனைய வேண்டும் என்ற ஆசை அவன் உள்ளத்தில் வேரூன்றியது. அவ்வாசையை இயற்கையான ஈடுபாடு என்று கூறலாம். அன்று அக்கூத்தைக் கண்ட சிறுவர் பலராவர். அவர்களுள் பலருக்கு அந்த ஆசை விடியும்வரை நிலைத்திருக்கலாம். கணேசனோ அதற்காக வீட்டையே விட்டு வெளியேறினான்.

அப்போது யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் குழு திருச்சியில் முகாமிட்டிருந்தது. பெற்றோர் உள்ள பிள்ளை என்றால் வீட்டாரின் இசைவு வேண்டும். ஆகவே, தனக்கு யாருமில்லை என்று கூறிக் கணேசன் அக்குழுவில் சேர்ந்தான். கலைமீது கொண்ட காதலால் சொன்ன அந்தப் பொய்க்கு அவன் கொடுத்த விலை பெரிது. ஆண்டுக்கணக்கில் தாயின் முகத்தைக் காணாமல் ஊர் ஊராகச் சுற்றும் வாழ்க்கை அன்று தொடங்கியது.

நாடகக் குழு என்னும் பள்ளி

அக்காலத் தமிழகத்தில் சிறுவர்களையே நடிகர்களாகக் கொண்ட பாலர் நாடகக் குழுக்கள் பல இயங்கின. சங்கரதாசு சுவாமிகள் மதுரையில் உருவாக்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை அவற்றுள் புகழ்பெற்றது. எம்.ஜி. இராமச்சந்திரன் உள்ளிட்ட பலர் இத்தகைய குழுக்களிலேயே வளர்ந்தனர். இவை நாடகம் நடத்தும் நிறுவனங்களாக மட்டும் இருக்கவில்லை. உண்டு உறங்கிக் கற்கும் உறைவிடப் பள்ளிகளாகவும் விளங்கின.

அங்கே நாள் முழுவதும் பயிற்சி நடக்கும். பாட்டு, ஆட்டம், வசனம், நடை, கண்ணசைவு ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே கற்பிக்கப்படும். தவறினால் அடி விழும். ஒலிபெருக்கியின் துணை பெரிதும் இல்லாத மேடைகளில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். ஆகவே, அடிவயிற்றிலிருந்து குரலை எழுப்பவும் ஒவ்வோர் எழுத்தையும் உரிய இடத்தில் ஒலிக்கவும் சிறுவர்கள் பழக்கப்பட்டனர். லகர, ளகர, ழகர வேறுபாடுகள் அவர்கள் நாவில் இயல்பாகப் படிந்தன. இலக்கண நூலைத் தொடாமலேயே எழுத்துகளின் பிறப்பை அவர்கள் உடலால் கற்றனர்.

கணேசனுக்கு முதலில் கிடைத்தது பெண் வேடம். இராமாயண நாடகத்தில் சீதையாக நடித்த அவர், பிறகு சூர்ப்பனகை, பரதன், இந்திரசித்து என்று வெவ்வேறு வேடங்களை ஏற்றார். ஒரே கதையைச் சீதையின் கண்ணால் ஒருமுறையும், அவளுக்குப் பகையான சூர்ப்பனகையின் கண்ணால் மற்றொரு முறையும் காணும் வாய்ப்பு அவருக்கு அமைந்தது. ஒரு பாத்திரம் பேசும்போது எதிரில் நிற்கும் பாத்திரம் என்ன உணரும் என்பதை இத்தகைய மாறி மாறி ஏற்ற வேடங்கள் அவருக்குக் கற்றுத்தந்தன. பிற்காலத்தில், பேசாமல் நிற்கும் காட்சிகளிலும் அவர் முகம் உயிர்ப்போடு இருந்ததற்கு இப்பயிற்சியே வித்து.

இங்கு ஓர் உண்மையை எண்ணிப் பார்க்க வேண்டும். அதே குழுக்களில் அதே உணவை உண்டு, அதே அடியைத் தாங்கி, அதே வசனத்தை ஒப்பித்த சிறுவர் ஏராளமானோர் இருந்தனர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கூட இன்று நமக்குத் தெரியாது. அப்படியாயின் பயிற்சி மட்டுமே ஒருவரை உயர்த்திவிடும் என்று எளிதில் முடிவு செய்ய இயலாது. அனைவருக்கும் பொதுவான அப்பயிற்சியில் கணேசன் எதைத் தனியாகச் சேர்த்தார் என்பதை அவருடைய பிற்கால வாழ்க்கை காட்டுகிறது.

கணேசன் சிவாஜியானார்

அறிஞர் அண்ணா எழுதிய சிவாஜி கண்ட இந்து ராஜ்யம் என்னும் நாடகம் 1946ஆம் ஆண்டு சென்னையில் அரங்கேறவிருந்தது. மராட்டிய மன்னர் சிவாஜியின் வேடத்தை ஏற்கவிருந்தவர் எம்.ஜி. இராமச்சந்திரன். அவரால் அதில் நடிக்க இயலாமல் போகவே, அவ்வேடம் மெலிந்த உடல்வாகு கொண்ட இளைஞர் கணேசனுக்கு வந்தது. நீண்ட வசனங்கள் நிறைந்த அந்நாடகத்தைச் சில மணி நேரத்திற்குள் மனப்பாடம் செய்து, அண்ணாவின் முன் அவர் நடித்துக் காட்டினார் என்று அவரது வரலாறு கூறுகிறது. அந்நாடகத்தில் அண்ணாவும் காகபட்டர் வேடமேற்று நடித்தார். நடிப்பைக் கண்டு மகிழ்ந்த தந்தை பெரியார், அவரைச் சிவாஜி என்றே குறிப்பிட்டார். அப்பெயர் வாழ்நாள் முழுதும் அவருக்கு நிலைத்தது.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் அவருடைய நினைவாற்றலை வியப்பது வழக்கம். வியப்புக்குரியதுதான். ஆயினும், அன்றைய சில மணி நேரத்திற்குப் பின்னால் நாள்தோறும் வசனம் ஒப்பித்த பத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் இருந்தன. உரையாடலின் ஓசையையும் பொருளையும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் பழக்கத்தை நாடகக் குழு அவருக்கு அளித்திருந்தது. பிறர் கண்ணுக்குத் திடீர் வெற்றியாகத் தோன்றியது, அவருக்கு நெடுநாள் சேமிப்பின் பயனாக இருந்தது.

முதல் படமும் முதல் சோதனையும்

சக்தி நாடக சபையின் நூர்ஜகான் நாடகத்தில் கணேசன் நூர்ஜகானாக நடித்தார். அதனைக் கண்ட வேலூர் பி.ஏ. பெருமாள், தாம் எடுக்கவிருந்த பராசக்தி திரைப்படத்திற்கு அவரே கதைத்தலைவர் என்று முடிவு செய்தார். மு. கருணாநிதியின் உரையாடலில், கிருஷ்ணன் – பஞ்சு இயக்கத்தில், ஏவி.எம். நிலையத்தில் படப்பிடிப்பு தொடங்கியது.

தொடக்கத்திலேயே தடை எழுந்தது. கணேசனின் மெலிந்த தோற்றமும் மேடை சார்ந்த நடிப்பும் திரைக்குப் பொருந்துமா என்ற ஐயம் தயாரிப்பில் பங்கேற்றோருக்கு ஏற்பட்டது. பெயர்பெற்ற வேறொரு நடிகரை அமர்த்தலாம் என்ற பேச்சும் எழுந்தது. பெருமாள் தம் முடிவில் உறுதியாக நின்றார். கணேசன் தம் உடலைத் தேற்றிக்கொண்டார். படக்கருவியின் முன் நிற்கும் முறையைக் கற்றார். முன்பு எடுக்கப்பட்ட காட்சிகள் பல மீண்டும் படமாக்கப்பட்டன.

1952ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், தீபாவளித் திருநாளில் பராசக்தி வெளியாயிற்று. நீதிமன்றக் காட்சியில் அவர் பேசிய நெடிய உரையாடல் தமிழகமெங்கும் ஒலித்தது. இளைஞர்கள் அதனை மனப்பாடம் செய்து பேசிக் காட்டினர். முதல் படத்திலேயே ஒருவர் புகழின் உச்சிக்குச் சென்றார் என்பது வரலாறாயிற்று. நிராகரிப்பின் விளிம்பில் நின்ற நாள்களும், மறுபடியும் நடிக்கப்பட்ட காட்சிகளும் அவ்வரலாற்றின் மறுபக்கம். தம்மை நம்பிய பெருமாளை அவர் மறக்கவில்லை. பொங்கல்தோறும் வேலூர் சென்று, அக்குடும்பத்தாருக்குப் புத்தாடை வழங்கி வணங்கி வருவதை வழக்கமாகக் கொண்டிருந்தார்.

பராசக்தி படத்திற்காக அவர் முதன்முதலில் நடித்த இடத்தில், ஏவி.எம். நிலையத்தில் பின்னாளில் நினைவுச் சின்னம் ஒன்று எழுப்பப்பட்டது. தகுதி ஐயுறப்பட்ட இடமே பெருமைக்குரிய இடமாக மாறியது.

கண்டு கற்றவர்

பாராட்டு வந்த பிறகு பயிற்சியைக் கைவிடுவோர் உண்டு. சிவாஜி கணேசனின் கல்வி புகழ் வந்த பின்பே விரிந்தது. அதற்கு அவர் கண்ட வழி, மனிதர்களை உற்றுநோக்குதல்.

கொத்தமங்கலம் சுப்புவின் புதினத்தைத் தழுவி, ஏ.பி. நாகராசன் இயக்கிய தில்லானா மோகனாம்பாள் 1968இல் வெளிவந்தது. அதில் நாகசுவரக் கலைஞர் சிக்கல் சண்முகசுந்தரமாக அவர் நடித்தார். படத்தில் ஒலித்த நாகசுவரம் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களுடையது. அவர்கள் வாசிக்கும்போது கன்னம் எவ்வாறு புடைக்கிறது, கழுத்து நரம்பு எப்போது விடைக்கிறது, மூச்சு எங்கே இழுக்கப்படுகிறது, விரல்கள் துளைகளை எவ்வாறு மூடித் திறக்கின்றன என்பவற்றை அவர் கூர்ந்து கவனித்துத் தம் உடலில் படியச் செய்தார். திரையில் காண்போர் அவரே வாசிக்கிறார் என்று எண்ணுமளவுக்கு அது பொருந்தியது. இசைக்கருவியை வாசிக்கத் தெரியாத ஒருவர், வாசிப்பவரின் உடல்மொழியை முழுமையாகக் கற்றுக்கொண்டார்.

கப்பலோட்டிய தமிழன் 1961இல் வெளிவந்தது. கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ. சிதம்பரனாரை அவர் திரையில் நிறுத்தினார். அதைக் கண்ட சிதம்பரனாரின் மகன், தம் தந்தையையே நேரில் கண்டதாக நெகிழ்ந்தார். அப்பாராட்டை எந்த விருதினும் உயர்ந்ததாகச் சிவாஜி கருதினார். 1967இல் வந்த திருவருட்செல்வர் படத்தில் முதிய அப்பரடிகளாக நடிக்க நேர்ந்தபோது, காஞ்சிப் பெரியவரின் தோற்றத்தையும் அமரும் முறையையும் மனத்தில் பதித்து அவ்வேடத்தை உருவாக்கினார். நாற்பது வயது நிரம்பாத நடிகரின் உடலில் முதுமையின் தளர்ச்சியும் துறவின் அமைதியும் குடிகொண்டன.

கட்டபொம்மன் ஆசையும் நிறைவேறியது. சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதிய வீரபாண்டிய கட்டபொம்மன் நாடகத்தை 1957இல் சிவாஜி நாடக மன்றம் அரங்கேற்றியது. பலமுறை மேடையேறிப் பண்பட்ட பின்பே, அது பி.ஆர். பந்துலுவின் இயக்கத்தில் 1959இல் திரைப்படமாயிற்று. 1960இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய – ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அப்படத்திற்காகச் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. சங்கிலியாண்டபுரத்தில் கூத்துப் பார்த்த சிறுவனுக்கும் கெய்ரோவில் பரிசு பெற்ற நடிகருக்கும் இடையே இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட உழைப்பு இருந்தது.

தெரிந்து தெளிவோம்

உள்ளத்து உணர்வுகள் உடலின்வழி வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று குறிப்பிடுகிறது தொல்காப்பியம். பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், எண்வகை மெய்ப்பாடுகளையும் அவை தோன்றும் நிலைக்களன்களையும் வகுத்துக் கூறுகிறது. வடமொழி மரபில் இவை சுவைகள் என்று வழங்கப்பெறும். அங்குச் சாந்தத்தையும் சேர்த்து ஒன்பது சுவைகள் எண்ணப்படுகின்றன. 1964இல் வெளியான நவராத்திரி, சிவாஜி கணேசனின் 100ஆவது படம். ஒன்பது சுவைகளுக்கும் ஒவ்வொன்றாக ஒன்பது வேடங்களை அவர் அதில் ஏற்றார். 1969இல் வெளியான தெய்வமகனில் தந்தையும் இரு மகன்களுமாக மூன்று வேடங்களில் நடித்தார். இந்தியாவின் சார்பில் ஆஸ்கர் விருதுத் தேர்வுக்கு அனுப்பப்பட்ட முதல் தமிழ்ப்படம் அதுவே.

மிகை என்னும் குற்றச்சாட்டு

சிவாஜி கணேசனின் நடிப்பு மிகையானது என்று கூறுவோரும் இருந்தனர். இக்கருத்தை ஒதுக்கிவிடாமல் ஆராய்வது நன்று. மேடைக்கும் திரைக்கும் இலக்கணம் வேறு. மேடையில் நடிகர் தொலைவில் நிற்கிறார். அவர் புருவத்தின் அசைவு பின்வரிசைக்குத் தெரியாது. ஆகவே, கையையும் குரலையும் பெரிதாக்கியே உணர்வைக் கொண்டுசேர்க்க வேண்டும். திரையிலோ முகம் அரங்கை நிறைக்கிறது. இமையின் சிறு துடிப்பும் பேசிவிடுகிறது. மேடையில் வேரூன்றிய அவர் நடிப்பு, சில படங்களில் அளவைக் கடந்து ஒலித்ததுண்டு. அவருடைய பலமாகிய நாடகப் பயிற்சியே சில இடங்களில் அவருக்கு வரம்பாகவும் அமைந்தது. மக்கள் அவரிடம் அந்த ஓங்கிய நடிப்பையே எதிர்பார்த்து மகிழ்ந்தனர் என்பதும் உண்மை.

இக்குற்றச்சாட்டுக்கு அவர் சொல்லால் விடை கூறத் தேவையிருக்கவில்லை. 1985இல் பாரதிராஜாவின் இயக்கத்தில் முதல் மரியாதை வெளிவந்தது. ஆற்றங்கரைக் கிராமத்தில் வாழும் முதியவராக அவர் அதில் தோன்றினார். அடுக்குமொழி வசனம் இல்லை. ஓங்கிய குரல் இல்லை. ஒப்பனை மிகக் குறைவு. தம்மைவிட வயதில் மிக இளையவரான இயக்குநரின் கருத்துக்கு இசைந்து, நாற்பதாண்டுகளாகத் தேடிச் சேர்த்த உத்திகளை அவர் ஒதுக்கி வைத்தார். ஒரு பெருமூச்சிலும் ஒரு தயக்கத்திலும் ஒரு முழு வாழ்வின் துயரத்தை உணர்த்தினார். ஏறத்தாழ அறுபது வயதில், தாம் கைவரப்பெற்றவற்றுள் எதைப் பயன்படுத்தக் கூடாது என்பதைத் தேர்ந்துகொள்வது எளிய செயலன்று. கற்றவற்றைச் சேர்ப்பது போலவே, தேவையற்ற இடத்தில் அவற்றை விலக்குவதும் பயிற்சியின் ஒரு பகுதி என்பதை அப்படம் உணர்த்துகிறது.

ஒழுங்கு என்னும் கலை

ஏறத்தாழ 300 படங்களில் நடித்த அவர், நேரந்தவறாமைக்குப் பெயர்பெற்றவர். குறித்த நேரத்துக்கு முன்பே ஒப்பனையுடன் படப்பிடிப்புத் தளத்தில் காத்திருப்பது அவர் இயல்பு. உரையாடலைப் படிக்கக் கேட்டு, உள்ளத்தில் பதித்துக்கொண்டு நடிப்பார். புகழ்பெற்ற நடிகர் தாமதமாக வருவதே பெருமை என்று சிலர் எண்ணிய திரையுலகில், நாடகக் குழுவில் கற்ற ஒழுங்கை அவர் இறுதிவரை விடவில்லை. ஊக்கம் வரும்வரை காத்திருக்காமல், வேலைக்கு உரிய நேரத்தில் ஊக்கத்தை வரவழைத்துக்கொள்ளும் பழக்கம் அது.

பத்மஸ்ரீ, பத்மபூஷண் ஆகிய விருதுகள் அவரைத் தேடி வந்தன. பிரான்சு அரசு 1995இல் செவாலியே விருது வழங்கியது. 1996ஆம் ஆண்டுக்குரிய தாதாசாகேப் பால்கே விருதும் அவருக்குக் கிடைத்தது. எனினும், சிறந்த நடிகருக்கான தேசிய விருது ஒருமுறைகூட அவருக்கு வழங்கப்படவில்லை. உழைப்புக்கு உரிய பரிசு எப்போதும் உரிய வடிவில் வருவதில்லை என்பதற்கு இதுவும் ஒரு சான்று. 2001ஆம் ஆண்டு சூலை 21ஆம் நாள் அவர் மறைந்தார். அடையாற்றில் தமிழ்நாடு அரசு எழுப்பிய மணிமண்டபம் 2017இல் திறக்கப்பட்டது.

மணற்கேணி

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு மீள்வோம். சிவாஜி கணேசனிடம் இயற்கையான ஆற்றல் இருந்ததா? ஆம், கணீரென்ற குரலும், உணர்வை நொடியில் ஏற்கும் முகமும், கண்டதைப் பற்றிக்கொள்ளும் நினைவும் அவருக்கு வாய்த்திருந்தன. அவை இல்லாத எவரும் பயிற்சியால் மட்டும் அவராகியிருக்க முடியுமா என்பது ஐயமே. அதே ஆற்றலுடன் சங்கிலியாண்டபுரத்திலேயே வளர்ந்திருந்தால், நன்றாகப் பேசிக் காட்டும் மனிதர் என்று அத்தெருவில் உள்ளோர் மட்டும் அவரை அறிந்திருப்பர் என்பதும் அதே அளவு உண்மை.

கல்வியை விளக்க வள்ளுவர் மணற்கேணியை உவமையாக்கினார். கேணியில் நீரைப் படைப்பவர் தோண்டுபவர் அல்லர். நீர் நிலத்துள் இருக்கிறது. தோண்டாதவர் அதனை அறியவும் முடியாது, அருந்தவும் முடியாது. எந்த இடத்தில் எவ்வளவு நீர் உண்டு என்பது தோண்டிய பின்பே தெரியவரும். தமக்குத் திறமை உண்டா இல்லையா என்று கரையில் நின்று ஆராய்வோர்க்கு விடை கிடைப்பதில்லை.

தியாகராய நகரின் அச்சாலையில் நடக்கும்போது, பெயர்ப்பலகையில் உள்ள பெயரை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். செவாலியே என்பது பிரான்சு அளித்தது. சிவாஜி என்பது பெரியார் அளித்தது. கணேசன் என்பது பெற்றோர் வைத்தது. பிறப்பால் வந்த பெயர் ஒன்று. மற்ற இரண்டும் உழைப்பால் ஈட்டியவை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் வாழும் கூத்துக் கலைஞர், இசைக் கலைஞர், சிற்பி ஆகியோருள் ஒருவரைச் சந்தித்து, அவர் தம் கலையைக் கற்ற முறையைக் கேட்டறிந்து கட்டுரை எழுதுக.

2. கலைக்கு இன்றியமையாதது இயற்கை ஆற்றலா, இடையறாத பயிற்சியா என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

3. ஒருவரின் நடை, பேச்சு, கையசைவு ஆகியவற்றைச் சில நாள்கள் உற்றுநோக்கி, அவர் மனம் புண்படாத வகையில் நடித்துக் காட்டுக.

குறுவினா

1. பாலர் நாடகக் குழுக்கள் உறைவிடப் பள்ளிகளாக விளங்கியமையை எழுதுக.

2. கணேசனுக்குச் சிவாஜி என்னும் பெயர் அமைந்த சூழலைக் கூறுக.

சிறுவினா

1. மேடை நடிப்புக்கும் திரை நடிப்புக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.

நெடுவினா

1. உற்றுநோக்கலும் ஒழுங்கும் சிவாஜி கணேசனின் கலையை வளர்த்த திறத்தைப் பாடப்பகுதிகொண்டு நிறுவுக.